மிளகுத் தண்ணீரும் கஞ்சியும்

சென்ற மாதம் ஏழு நாட்கள் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் அறையில் உட்கார்ந்து வேலை செய்தேன். வேலை என்று நான் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். சினிமாக் கதை விவாதம் அது. கதை என்னவோ முதல் நாளே முடிந்துவிட்டது. மீதி ஆறு நாட்களும் அதைக் கெடுப்பது எப்படி என்று ஐந்து பேர் கூடிப் பேசினோம். பேச்சு தடைப்பட்ட போதெல்லாம் சாப்பாடு வந்தது. காலையில் நெய் ஒழுகும் பொங்கலும் வடையும். பதினொரு மணிக்குப் பஜ்ஜி. பகலில் ஆட்டுக்கறி பிரியாணி. நடு இரவில் பரோட்டாவும் கோழி வறுவலும். படம் எடுப்பவர் தாராள மனத்தினர். கதாநாயகனைச் சாகடிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டை வந்தால், "முதலில் சாப்பிடுவோம், அப்புறம் சாகடிப்போம்" என்பார்.

எட்டாம் நாள் விடியற்காலையில் தஞ்சாவூரில் ரெயிலை விட்டு இறங்கியபோது, கதாநாயகனுக்குப் பதிலாக நான் போய்விடுவேன் போல் இருந்தது. வயிறு கல்லாகக் கிடந்தது. நாக்குத் தடித்துவிட்டது. வாசலில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள் என் மனைவி.

"கை காலைக் கழுவிட்டு வாங்க. இன்னிக்கு உங்களுக்குக் காபி கிடையாது" என்றாள். சிறிது நேரம் கழித்து, "அட்வான்ஸ் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசம் தர்றாங்களாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர்தான் கிடைத்தது. பகலில் குழைய வேகவைத்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். இரவு நொய்க் கஞ்சி, பருப்புத் துவையல், ஒரு துண்டு உப்பு நாரத்தங்காய். ரசத்தின் முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது கண்ணில் நீர் வந்தது. மிளகின் காரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏழு நாளாக எத்தனையோ சமையற்காரர்கள் சேர்ந்து செய்ய முடியாததை, ஒரு பிடி மிளகும் சீரகமும், கொட்டைப் பாக்களவு புளியும், நாலு பல் பூண்டும் செய்துவிட்டன. பசித்தது! பசி என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அப்பொழுதுதான் ஞாபகம் வந்தது.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பத்துப்பாட்டை எடுத்துப் புரட்டினேன். என்னைப் போல் அகப்பட்டுக்கொண்ட ஓர் ஆசாமி அதில் இருக்கிறான் என்பது நினைவில் இருந்தது.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் வருகிறான் அவன். பசியும் பட்டினியுமாக அலைந்த கூத்தன். சோழன் கரிகாலனின் வாசலை மிதித்தான். அதற்குப் பிறகு அவனுக்கு நிகழ்ந்ததைப் பாருங்கள். முதலில் கள். பிறகு, அறுகம்புல்லைத் தின்று கொழுத்த ஆட்டின் வெந்த தொடைக் கறி. பிறகு, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள். போதும், வேண்டாம் என்றால் அரசன் விடுவதாக இல்லை. தின்பண்டங்கள் வருகின்றன, விரல் விரலாக நீண்ட சோறு வருகிறது, பொரித்த கறி வருகிறது. இரவும் பகலும் இறைச்சி தின்று தின்று, கொல்லையை உழுத கொழுப் போலப் பல் மழுங்கிவிட்டதாம். மூச்சு விட இடமில்லாமல் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டதாம். ஒரு நாள் மெதுவாக, "நாங்கள் எங்கள் பழைய ஊருக்குப் போய் வருகிறோம்" என்று அரசனிடம் விடை கேட்கிறான். மழுங்கிய பல்லை உழுகிற கொழுவோடு ஒப்பிட்ட புலவரை நினைக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கதை விவாதத்தில் அவர் இருந்திருந்தால் முதல் நாளே ஊருக்குத் திரும்பியிருக்கலாம்.

வீட்டுக்குப் போய் அந்தக் கூத்தன் என்ன சாப்பிட்டான் என்று பாட்டில் இல்லை. அவன் பெண்டாட்டியும் மிளகைத்தான் தட்டியிருப்பாள் என்பது என் ஊகம். மிளகாய்க்கு வழியில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கிய பிறகு, போர்ச்சுகீசியர்களின் கப்பல் வழியாகத்தான் நம் நாட்டுக்குள் நுழைந்தது. மிளகைத் தேடி வந்தவர்கள் மிளகாயை விட்டுச் சென்றார்கள். மிளகுக்கு இருந்த பெயரைக் கொஞ்சம் நீட்டி அதற்கு வைத்தோம். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே கண்டத்திலிருந்து வந்தவைதாம். இன்று தக்காளி இல்லாமல் ரசமா என்று கேட்கிறோம்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் நம் வீடுகளில் பத்தியம் போடுகிறார்களே, அதில் மிளகாய் வராது, உருளைக்கிழங்கு வராது. மிளகு, சீரகம், சுக்கு, பூண்டு, மணத்தக்காளி இவைகள்தாம். பல வீடுகளில் திவசச் சமையலுக்கும் இதே சட்டம். நாம் ஆரோக்கியமாக இருக்கும் நாட்களில் உலகம் முழுவதையும் சாப்பிடுகிறோம். உடம்பு சரியில்லாத அன்று மாத்திரம், வாஸ்கோ ட காமாவுக்கு முந்திய தமிழர்களாகிவிடுகிறோம். சரித்திரம் ஏட்டில் மட்டுமா இருக்கிறது? அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிறது. வள்ளுவர் மருந்து என்றே ஓர் அதிகாரம் வைத்தார். பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர் கூடக் கிடையாது. பெரும்பாலும் அளவறிந்து சாப்பிடுகிற விஷயந்தான். அவரையும் யாரோ ஒரு வாரம் விருந்துக்கு அழைத்திருக்க வேண்டும்.

இந்த மிளகு ரசம் கடல் கடந்து போன கதை இன்னும் வேடிக்கை. எங்கள் தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்த பர்னல் என்ற வெள்ளைக்காரர், அரண்மனை ஏட்டுச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அவரும் கர்னல் யூல் என்பவரும் சேர்ந்து, இந்தியாவில் இங்கிலீஷ்காரர்கள் வாயில் புழங்கிய சொற்களுக்கு ஓர் அகராதி செய்தார்கள். ஹாப்ஸன் ஜாப்ஸன் என்று அதற்குப் பெயர். அது 1886-இல் அச்சாகி வெளிவந்தபோது பர்னல் உயிருடன் இல்லை, 1882-லேயே காலமாகிவிட்டார். அந்த அகராதியில் நம் மிளகுத் தண்ணீர் 'முல்லிகடானி' என்ற கோலத்தில் நிற்கிறது. சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தர்களுக்கே அதனால் 'மல்' என்று பட்டப் பெயராம். பம்பாய்க்காரர்களுக்கு 'வாத்து'!

அந்தச் சொல் அச்சில் வந்ததற்கு அவர்கள் காட்டும் பழைய மேற்கோள், 1784-ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்று. ஹைதர் அலியிடம் பிடிபட்டிருந்த ஓர் ஆங்கிலக் கடற்படைக்காரர் பாடியது. பெங்களூர்ச் சிறையில் தங்களுக்குச் சாப்பாடு மிளகுத் தண்ணீர், இல்லாவிட்டால் கஞ்சி என்று அவர் அழுகிறார். எனக்கு அமுதமாக இருந்த அதே இரண்டு பதார்த்தங்கள்! அகராதியில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், பட்டாளத்துக் காவல் கொட்டடிக்குக் 'கஞ்சி வீடு' என்ற பெயர் இருந்ததும் தெரிகிறது. உள்ளே போனவனுக்குக் கஞ்சிதான் என்பதால் வந்த பெயர்.

சிறையில் அழுதவர்களின் சந்ததியார் அதையே ஆசைப்பட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் தண்ணீராகவே விட்டுவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆட்டுக்கறியைப் போட்டார்கள், கோழியைப் போட்டார்கள், வெங்காயத்தை நெய்யில் வதக்கிப் போட்டார்கள். ராணுவ அதிகாரி கென்னி ஹெர்பர்ட் என்பவர் 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் சென்னைச் சமையலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கெட்டிக்காரர். அந்த சூப்பின் பெயர் மிளகு, தண்ணீர் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களிலிருந்து வந்தது என்றும், இங்குள்ள சாதாரண ஜனங்கள் சாப்பிடுவது வெறும் மிளகுத் தண்ணீரே என்றும், வசதியுள்ளவர்கள் அதில் கறி சேர்த்துக்கொள்கிறார்கள் என்றும் சரியாகவே எழுதியிருக்கிறார்.

அந்தப் புத்தகம் வெளிவந்த வருஷத்தைப் பார்த்தேன். 1878.

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியதே தாது வருஷப் பஞ்சம், அது அடங்கிக்கொண்டிருந்த சமயம் அது. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டித் தர்பார் நடந்தது. ராஜாக்களும் துரைகளும் கூடி நாள் கணக்கில் விருந்துண்டார்கள். சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவும் தம் மாகாணத்தில் ஜனங்கள் சாலையோரத்தில் விழுந்துகொண்டிருந்த வேளையில் அங்கே போயிருந்தார். பஞ்ச வேலையாகச் சென்னைக்குள் வெட்டிய கால்வாய்க்கு அவர் பெயர்தான் இருக்கிறது. அதே மாதம், செலவைக் குறைப்பதற்காகச் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னைக்கு அனுப்பினார். அவர் வந்து கணக்குப் போட்டார். நாள் முழுதும் மண் சுமக்கிற ஓர் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும், அதற்கு மேல் ஏதோ சில்லறைக் காசும் போதும் என்பது அவர் கணக்கு. சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று உழைக்கிறவன் சாவான் என்று வாதாடினார். சில மாதம் சென்ற பிறகு கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்குள் எத்தனையோ பேருக்கு அந்த வாதம் முடிந்து போயிருந்தது. பஞ்சம் தீர்வதற்குள் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் பல லட்சம்.

வேலை செய்யவும் தெம்பில்லாதவர்கள் கஞ்சித் தொட்டியில் வரிசையாக நின்றார்கள்.

வரிசை என்று எழுதும்போது என் பாட்டியின் ஞாபகம் வருகிறது. சிறு வயதில் விளையாட்டு அவசரத்தில் கஞ்சிக் கிண்ணத்தை நின்றபடியே வாயில் வைப்பேன். பாட்டி எங்கிருந்தாலும் வந்து தோளை அழுத்தி உட்கார வைத்துவிடுவாள். "நின்னுக்கிட்டுக் கஞ்சி குடிக்காதடா. ஆகாது" என்பாள். நின்றுகொண்டு இட்லி சாப்பிடலாம், மாம்பழம் சாப்பிடலாம். கஞ்சி மட்டும் கூடாது. ஏன் என்று கேட்டால், "எங்க பாட்டி சொல்லும்" என்பதோடு சரி. அந்தப் பாட்டியின் காலத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தாது வருஷத்தில் கொண்டுபோய் விடுகிறது. அவள் எந்தத் தொட்டியின் முன்னால், எத்தனை நாள் நின்றாளோ! வீட்டில் யாரும் சொன்னதில்லை. நிற்கக் கூடாது என்பது மட்டும் நான்கு தலைமுறை தாண்டி என்னிடம் வந்திருக்கிறது. இப்பொழுதும் கஞ்சி என்றால் நான் உட்கார்ந்துதான் குடிக்கிறேன்.

மறுபடியும் பத்துப்பாட்டை எடுத்தேன். இந்தத் தடவை சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது. நல்லியக்கோடன் பாணனுக்கு வீமனுடைய சமையல் நூல் தவறாமல் சமைத்துப் போட்ட விருந்தைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் பாணனின் சொந்த அடுக்களை வருகிறது. கூரை இற்று விழுந்திருக்கிறது. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது. அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க, பாலில்லாத தாய் நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போடுவதற்கு உப்பில்லை. சுற்றத்தார் எல்லோரும் அதைப் பங்கிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். வறுமை இன்னதென்று அறியாதவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கத்தில், முதலில் கதவைச் சாத்திவிடுகிறாள்.

உப்பில்லாத கீரையை அந்தப் புலவர் கற்பனையில் கண்டிருக்கலாம். சாத்திய கதவைக் கற்பனையில் காண முடியாது. அதை எங்கேயோ வெளியில் நின்று பார்த்திருக்கிறார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் வயிறு இரண்டாம் நாள் மாலையிலேயே சரியாகிவிட்டது. மூன்றாம் நாளும் கஞ்சி வந்தது. முன்ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் பகலில் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் வந்தபோது, "இன்னுமா பத்தியம்? ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஹாஸ்டலுக்கும் காலேஜுக்கும் பணம் கட்டிட்டேன். நீங்க ஊர்ல இல்லாத வாரமே கட்டியாச்சு" என்றாள். பெண்ணின் படிப்புக்குக் கட்ட வேண்டிய தவணை அது. அட்வான்ஸ் வரும் என்று நான் தைரியம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கையில் இருந்ததையெல்லாம் கட்டிவிட்டிருக்கிறாள். அந்த ஏழு நாளும் நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். அடுப்பின் மேல் இருந்த கஞ்சிப் பானையைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

அப்பொழுது எதிர் வீட்டு அம்மாள் முருங்கைக் கீரை கொண்டு வந்தாள். தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னிக்கும் ரசந்தானா?" என்றாள்.

"அவங்களுக்கு இன்னும் வயிறு சரியாகலைக்கா. மெட்ராஸ்ல கண்டதையும் சாப்பிட்டுட்டு வந்துட்டாங்க" என்றாள் என் மனைவி.

எதிர் வீட்டு அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நான் வயிற்றைத் தடவிக்கொண்டேன்.