‘இந்தியன் ரெட்’ எந்த மண்ணின் பெயர்?

எண்ணெய் ஓவியர்களின் மண்வண்ணங்களுள் ‘இந்தியன் ரெட்’ ஒன்று. பெயரைக் கேட்பவர் அது இந்திய மண் என்றே கொள்வர். இன்று அப்பெயரில் குழாய்களில் விற்கப்படுவதோ பெரும்பாலும் ஆலையில் செய்த இரும்பு ஆக்சைடு.

பெயர் வழங்கத் தொடங்கிய காலத்தில் நிலை வேறு. 1835இல் வெளிவந்த ‘குரோமட்டோகிராஃபி’ என்னும் நூலில் ஜார்ஜ் ஃபீல்டு இதனை வங்கத்திலிருந்து வரும் இரும்புத் தாது என்றார். பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் தீவுச் செம்மண்ணும் இதே பெயரில் வழங்கியதுண்டு. ஆகவே ‘இந்திய’ என்னும் அடைமொழி தோண்டிய குழியைச் சுட்டுவதினும் சரக்கு வந்த கடல்வழியையே சுட்டியது எனலாம். இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. கருங்கடல் துறைமுகமான சினோப்பின் பெயரைத் தாங்கிய செங்காவி உண்மையில் உள்நாட்டுக் கப்படோக்கியாவில் கிடைத்தது. வணிகர் அதைச் சினோப்புக்குக் கொண்டுவந்து விற்றதால் அப்பெயர் அமைந்தது என ஸ்ட்ராபோ எழுதுகிறார். ஃபீல்டு கூறும் ‘வங்கம்’ என்பதையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

பெயர் கைவிடும் இடத்தில் கலவை பேசுகிறது. ‘இந்தியன் ரெட்’, ‘வெனிஷியன் ரெட்’, மஞ்சட்காவியைச் சுட்டுப் பெறும் ‘லைட் ரெட்’ ஆகிய மூன்றுக்கும் நிறம் தருவது ஹெமடைட்டே. மஞ்சட்காவியிலுள்ள கோதைட் சூட்டில் நீரை இழந்து ஹெமடைட் ஆகிறது. தட்டில் குழைத்த நிலையில் இவை ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும். வெள்ளையைச் சேர்த்ததும் வேறுபாடு வெளிப்படும்: முதலாவது நீலச்சாயல் கொண்ட குளிர்ந்த ரோஜா நிறமாகும், மற்றவை மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பாகும். துகள் பருமனாக இருந்தால் ஊதாவை நோக்கியும், நுண்மையாக இருந்தால் ஆரஞ்சை நோக்கியும் நிறம் சாயும்.

ஓவியருக்குத் தேவைப்பட்டது அந்த நீலச்சாயலே. எனவே இடத்தைக் குறித்த சொல் மெல்லச் சாயலைக் குறிக்கலாயிற்று. மண் போன பின்னும் பெயர் நிலைத்தது. (1999இல் கிரேயோலா நிறுவனம் தன் வண்ணக்குச்சிக்கு இருந்த இப்பெயரை மாற்றியது. அது அமெரிக்கத் தொல்குடியினரின் தோல்நிறத்தைச் சுட்டுவதாகக் குழந்தைகள் எண்ணிவிடுவர் என்ற அச்சமே காரணம்.)

பழைய வண்ணப்பட்டியலில் இப்பெயரைக் கண்டவுடன் இந்திய மண் ஏற்றுமதிக்குச் சான்று கிடைத்துவிட்டதாக எழுதுவது அவசர முடிவு. நுண்ணோக்கியில் களிமண்ணும் குவார்ட்சும் தென்பட்டால் அது இயற்கை மண் என்று கொள்ள இடமுண்டு. எந்நிலத்து மண் எனத் துணிய, அதில் மிகச் சிறிதளவே உள்ள பிற தனிமங்களை அளந்து, அந்தந்த நிலத்தின் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும்.