திருச்சிராப்பள்ளி முதல் கிருஷ்ணன்கோவில் வரை: தமிழகத்தில் சேர்வியல் ஆய்விதழின் உருவாக்கம்

முன்னுரை

பொருள்களைத் தெரிவுசெய்தல், அடுக்குதல், இணைத்தல் ஆகியவற்றின் வகைகளை எண்ணி ஆராயும் கணிதத்துறை சேர்வியல். முனைகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் கொண்டு உறவுகளை ஆராயும் கோட்டுருவியல் இதன் முதன்மைக் கிளையாகும். இத்துறைக்கெனத் தமிழகத்திலிருந்து 2004 முதல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று வெளிவருகிறது. அதற்கு முன்னிருந்த கல்விச்சூழலையும், அதில் திருச்சிராப்பள்ளி பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அருகிலுள்ள இதழின் பயன்

இந்தியக் கணிதக் கழகம் 1907இல் தோன்றியது. இராமானுசனின் முதல் ஆய்வுக்கட்டுரையை 1911இல் வெளியிட்டது அக்கழகத்தின் இதழே. அப்போது அவருக்குப் பட்டமும் இல்லை. ஆய்வுப் பதவியும் இல்லை. ஹார்டிக்கு அவர் மடல் எழுதியது 1913இல்தான். ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டல் வடிவில் பிரிக்கலாம் என்னும் சேர்வியல் வினாவுக்கு (எண் 5 எனில் 7 வகை) இருவரும் தந்த வாய்பாடு 1918இல் இலண்டனில் அச்சேறியது. உலக அரங்கில் நுழையுமுன் அவருடைய ஆய்வை முதலில் ஏற்றது உள்நாட்டு இதழே என்பது கருதத்தக்கது.

திருச்சிராப்பள்ளியில் அமைப்பாக்கம்

இராமானுசன் கணிதக் கழகம் 1985இல் திருச்சிராப்பள்ளியில் பதிவுசெய்யப்பட்டது. எல்லா நிலைகளிலும் கணிதத்தை வளர்த்தல் அதன் நோக்கம். முதற்செயலாளர் இரா. பாலகிருஷ்ணன், முதற்கல்விச் செயலாளர் இ. சம்பத்குமார் ஆகிய இருவரும் கோட்டுருவியல் அறிஞர்கள். சம்பத்குமாரும் வாலிகரும் 1979இல் வரையறுத்த ‘இணைந்த ஆட்சி எண்’ இங்குச் சுட்டத்தக்கது. ஒரு கோட்டுருவில் சில முனைகளைத் தெரிவுசெய்ய வேண்டும். ஏனைய முனை ஒவ்வொன்றும் அவற்றுள் ஒன்றையேனும் அடுத்திருக்க வேண்டும். தெரிவுசெய்த முனைகள் தமக்குள்ளும் இணைந்திருக்க வேண்டும். இதற்குத் தேவையான மிகக் குறைந்த முனைகளின் எண்ணிக்கையே அவ்வெண். கம்பியில்லா வலையமைப்புகளின் முதுகெலும்பை வடிவமைக்க இக்கருத்து பின்னர்ப் பயன்பட்டது. இதனை முதலில் வெளியிட்டதும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இதழே.

கழகத்தின் ஆய்விதழ் 1986இல் தொடங்கியது. ஆயினும் அது கணிதத்தின் எல்லாத் துறைகளுக்கும் உரியது.

கிருஷ்ணன்கோவிலில் தனி இதழ்

விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலிலுள்ள அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி, எஸ். ஆறுமுகத்தை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 2004இல் கோட்டுருவியலுக்கும் சேர்வியலுக்கும் உரிய பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கியது. கல்லூரிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான ‘ஏகேசிஇ’ இதழ்ப் பெயரின் முதலில் அமைந்தது. கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்த பின்னரும் அப்பெயர் மாறவில்லை. பின்னாளில் எல்சேவியர் வழியாகவும், 2020 முதல் டெய்லர் அண்டு பிரான்சிஸ் வழியாகவும் திறந்த அணுக்க இதழாக வெளிவருகிறது.

முடிவுரை

பெருநகரங்களுக்கு வெளியிலுள்ள கல்வி நிறுவனங்களும் ஒரு துறைக்கான அமைப்பையும் இதழையும் உருவாக்க இயலும் என்பதை 1985, 2004 ஆகிய இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. அச்சும் பரவலும் பன்னாட்டு நிறுவனங்களின் கைக்குச் சென்றுள்ள இன்றைய நிலையில், எதனை வெளியிடுவது என்னும் மதிப்பீட்டு உரிமை ஆய்வாளர் சமூகத்திடமே நிலைத்தல் வேண்டும். பட்டமில்லாத ஓர் இளைஞரின் கட்டுரையை 1911இல் அச்சேற்றியது அவ்வுரிமையே.