டிரைவர் இல்லாத கார் மோதினா பொறுப்பு யாருக்கு?

1/ இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க சட்ட அறிஞர் பிரையன்ட் வாக்கர் ஸ்மித். இன்ஜினியரிங்கும் படிச்சவர்.

2/ 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் என்ன சொல்லுது தெரியுமா? ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டுநர் வேணும்; வண்டியோ, அதை இழுக்கிற விலங்கோ எப்பவும் அவர் கட்டுப்பாட்டில் இருக்கணும். குதிரை வண்டி காலத்து நினைப்பு!

3/ இதையும் அமெரிக்க மாநிலச் சட்டங்களையும் அலசி 2012-ல் ஸ்மித் சொன்னது: தானியங்கி கார் அங்கே 'அநேகமா' சட்டப்படி சரிதான். வெளிப்படையான தடை எதுவும் இல்லையே!

4/ ஓடலாம், சரி. விபத்து நடந்தா?

5/ 2018 மார்ச், அரிசோனா மாநிலம் டெம்பி நகரம். ஊபரின் சோதனைக் கார் சாலையைக் கடந்த ஒரு பெண் மேல மோதியது. அவர் இறந்துட்டார். மோதலுக்கு 5.6 நொடி முன்னாடியே சென்சார் அவரைக் கண்டுபிடிச்சிருந்தது. ஆனா மனுஷர்னு புரிஞ்சுக்கல. கடைசியில் குற்ற வழக்கு, உள்ளே கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்த ஊழியர் மேல மட்டும். கம்பெனி மேல இல்லை.

6/ 2019-ல் ஸ்மித்தின் பங்களிப்போடு ஒரு மாதிரிச் சட்டம் வந்தது. தானா ஓடும்போது, பொறுப்பேற்றுப் பதிவு செஞ்ச நிறுவனமே சட்டப்படி 'ஓட்டுநர்'.

7/ ஒரு டாக்டரா சொல்றேன்: மெஷின் தப்பு பண்ணினாலும், இறந்தவர் குடும்பத்துக்குப் பதில் சொல்ல ஒருத்தர் இருந்தே ஆகணும். அது சம்பளத்துக்கு உட்கார்ந்தவரா, மெஷினை ரோட்டுக்கு அனுப்பினவரா? நீங்க என்ன சொல்றீங்க?