ஜூனியர் டாக்டரின் கோப்பு: ஒரு குட்டி வரலாறு

அக்கா பையன் இங்கிலாந்தில் ஜூனியர் டாக்டர். போன வாரம் நைட் டூட்டி முடிந்து கூப்பிட்டான். "மாமா, வார்டில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைச் சரியா எழுதறாங்களான்னு ஒரு ஆடிட் பண்ணி, மீட்டிங்கில் சொல்லிட்டேன். அதுக்கு முழு பாயிண்ட் கிடையாதாம். நாலு மாசம் வார்டில் ஓடினதுக்கு ஒண்ணுமே இல்லை. யார் மாமா இந்தக் கணக்கைக் கண்டுபிடிச்சது?"

நான் டாக்டர் இல்லை. பழைய காகிதம் கிளறுவது பொழுதுபோக்கு. கிளறினேன்.

அங்கே எம்.பி.பி.எஸ். முடித்தபின் இரண்டு வருடம் அடிப்படைப் பயிற்சி. அப்புறம்தான் சர்ஜரி, மெடிசின், சைக்கியாட்ரி என்று துறைக்கு விண்ணப்பம். முன்பு இப்படி இல்லை. மருத்துவமனைகள் ஆறு மாத வேலைகளாக விளம்பரம் செய்யும். நீங்கள் சி.வி. அனுப்புவீர்கள். உங்கள் கன்சல்டன்ட் அந்த ஊர் கன்சல்டன்ட்டுக்கு ஒரு போன் போட்டால் பாதி வேலை முடிந்தது. நம்ம ஊர் சிபாரிசு மாதிரிதான், கொஞ்சம் நாசூக்காக.

அந்த சி.வி.யில் என்ன நடக்குதுன்னு சோதித்தவர்கள் அனீஸ் எஸ்மாயில், சாம் எவரிங்டன் என்ற இரண்டு டாக்டர்கள். ஒரே தகுதி, ஒரே மாதிரி அனுபவம் உள்ள கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்தார்கள். சிலவற்றில் ஆங்கிலப் பெயர், சிலவற்றில் ஆசியப் பெயர். 23 வேலைகளுக்கு ஜோடி ஜோடியாக அனுப்பினார்கள். ஆங்கிலப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு! 1993ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. போலி விண்ணப்பம் போட்டார்கள் என்று மோசடிப் பிரிவு போலீஸ் இருவரையும் கைது செய்தது. இந்த இடத்தில் நான் காகிதத்தை மூடிவிட்டு ஒரு காபி போட்டேன். என் அக்கா பையனுக்கும் நம்ம ஊர்ப் பெயர்தான்.

சரி, சி.வி.யும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம் என்று 2007 ஜனவரியில் நாடு முழுவதற்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம் கொண்டுவந்தார்கள். பெயர் எம்டாஸ். கேள்விக்கு 150 சொல்லில் பதில். 'நீங்கள் நெருக்கடியைச் சமாளித்த ஒரு சம்பவத்தை எழுதுக' என்கிற ரகம். நோக்கம் நல்லதுதான். ஆனா கதை எழுதத் தெரிந்தவன் ஜெயித்தான். வருஷக்கணக்கில் செய்த ஆராய்ச்சிக்குச் சொற்ப மதிப்பெண். நல்ல டாக்டர்கள் பலருக்கு ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. மார்ச் 17 அன்று லண்டனில் டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். ஏப்ரலில் விண்ணப்பதாரர்களின் அந்தரங்க விவரங்கள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்ததை சேனல் 4 வெளியிட்டது. அமைச்சர் பட்ரீஷியா ஹெவிட் மன்னிப்புக் கேட்டார். மே மாதம் எம்டாஸ் கைவிடப்பட்டது. சர் ஜான் டூக் தலைமையில் விசாரணை நடந்து 2008ல் இறுதி அறிக்கை வந்தது.

இனி வருவது என் ஊகம். பெயரைப் பார்த்தாலும் தப்பு, கதையைப் பார்த்தாலும் தப்பு என்றால் மிச்சம் என்ன? எண்ணக்கூடியது. கட்டுரை வெளியானதா, ஆம் அல்லது இல்லை. மாநாடு உள்ளூரா, தேசிய அளவா. பாடம் எடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கா. வார்டில் ஒரு பாட்டியின் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்ததை எண்ண முடியாது, அதனால் அதற்கு பாயிண்ட் இல்லை. இதிலும் காசிருப்பவனுக்கு வசதி உண்டு. கோர்ஸ் கட்டணம், மாநாட்டுக்கு ரயில் செலவு எல்லாம் கைக்காசு. 2025ல் சுமார் 10,000 இடங்களுக்கு 30,000 பேருக்கு மேல் மோதினார்கள் எனும்போது, ஒரு பாயிண்ட்டுக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று புரியும்.

ஆனா ஆடிட் விஷயத்தில் மட்டும் கணக்குப் போட்டவர்கள் பக்கம்தான் நான். அவனிடம் சொன்னேன்: "நீ குறையைக் கண்டுபிடிச்சே. அப்புறம் ஏதாவது மாறிச்சா?"

"போஸ்டர் ஒட்டினோம்."

"ஊசி எழுதறது கூடிச்சா?"

பதில் இல்லை. மறுபடி எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்? அந்த இரண்டாம் சுற்றுக்குத்தான் மீதி பாயிண்ட். நோயாளிக்குப் பயன்படுவதும் அந்தச் சுற்றுதான். யார் வடிவமைத்தார், யார் கணக்கெடுத்தார் என்று அவன் பங்கைத் தெளிவாக எழுதி, கன்சல்டன்ட்டிடம் இப்பவே கையெழுத்து வாங்கி வைக்கச் சொன்னேன். ரொட்டேஷன் மாறினால் ஆளைப் பிடிக்க முடியாது. செய்யாததைச் செய்ததாக ஒரு பாயிண்ட் போட்டுக்கொள்ளாதே என்றும் சொன்னேன். சான்றுகளைச் சரிபார்க்கிறார்கள். மாட்டினால் பாயிண்ட்டோடு போகாது, நேர்மை பற்றிய கேள்வியாகி மெடிக்கல் கவுன்சில் வரை போகலாம்.

"பேரை மறைப்பாங்களா மாமா?" என்று கேட்டான்.

"பாயிண்ட் எண்ணும்போது பேருக்கு வேலை இல்லை. இன்டர்வியூ வீடியோவில்தானே? அங்கே உன் முகம் தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அதே வார்டில் அடுத்த மாதம் 40 கேஸ் ஷீட் எடுத்து மறுபடி எண்ணப்போவதாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.