டாட் சோலார் முகவரி இருந்தால் வாடிக்கையாளர் நம்பிடுவாரா? சோலார் தொழில் செய்வோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

வேளச்சேரியில் வீட்டு மாடிகளுக்கு சோலார் பேனல் பொருத்தித் தரும் தொழிலை ஒருவர் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு போர்டு மாட்டியாச்சு, விசிட்டிங் கார்டு அடிச்சாச்சு. அடுத்து வெப்சைட். அதற்கு எந்த முகவரி வாங்குவது? டாட் காமா, டாட் இன்னா, இல்லை தொழில் பெயரையே தாங்கிய டாட் சோலாரா?

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. விவசாயிகளுக்கான பிஎம் குசும் சோலார் திட்டத்தின் பெயரில் போலி வெப்சைட்டுகள் பணம் வசூலிப்பதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. டாட் காம், டாட் இன், டாட் ஓஆர்ஜி என எல்லா வகை முகவரிகளிலும் அந்தப் போலிகள் இருந்தன. அதனால், நேர்மையாகத் தொழில் செய்பவரையும் வாடிக்கையாளர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

டாட் சோலார் என்றால் என்ன?

குறிப்பிட்ட தொழில்களுக்கான புதிய டொமைன்கள் வந்தபோது, 2014-ல் டாட் சோலார் அறிமுகமானது. டாட் எனர்ஜி என்பதும் இதே வகைதான். டாட் காமில் ஏற்கெனவே போய்விட்ட பெயர் இதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெயரைப் பார்த்ததுமே என்ன தொழில் என்பதும் புரிந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தை மறந்துடக் கூடாது. டாட் சோலாரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சோலார் வேலை தெரியுமா, லைசென்ஸ் இருக்கா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வங்கிகளுக்கு மட்டுமே தரப்படும் பேங்க் டாட் இன் முகவரியை ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்தது. அது போன்ற கட்டுப்பாடு இதில் கிடையாது. அதனால் டாட் சோலாரை நற்சான்றிதழ் போல விளம்பரம் செய்வது சரியல்ல.

உள்ளூர் தொழிலுக்கு எது வசதி?

சென்னைக்குள் மட்டும் வேலை செய்பவருக்கு டாட் இன் நன்றாகவே பொருந்தும். மக்களுக்குப் பழகிய முகவரி அது. நிக்ஸி எனப்படும் தேசிய இணைய பரிமாற்ற அமைப்பு இதை நிர்வகிக்கிறது. பதிவின்போது அடையாளச் சரிபார்ப்பு உண்டு. தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா முகவரியும் வாங்கலாம். ஆனால் தமிழ் முகவரியில் இமெயில் எல்லா இடத்திலும் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றும் கூடவே இருப்பது நல்லது.

பெயர் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

* போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் டைப் செய்யணும். வேளச்சேரி என்ற பெயரையே ஆங்கிலத்தில் சிலர் 'ஒய்' போட்டு முடிப்பார்கள், சிலர் 'ஐ' போட்டு முடிப்பார்கள். ஊர் பெயர் வைத்தால் இரண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கிவிடலாம்.
* நாளை தாம்பரம், ஆவடி என்று தொழில் விரிந்தால் ஏரியா பெயர் பொருந்துமா என்று யோசிக்கணும்.
* 'பிஎம்', 'சூர்ய கர்' போன்ற அரசுத் திட்டப் பெயர்களைச் சேர்க்கவே கூடாது. அரசு வெப்சைட் என்று மக்கள் தவறாக நினைக்க அது வழிவகுக்கும்.
* பணம் கட்டும் முன் அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் இருக்கிறதா என்று ஆன்லைனில் தேடணும். பேனல்கள் 9-ம் வகுப்பிலும், பொருத்தும் வேலை 37-ம் வகுப்பிலும் வரும்.

பதிவு செய்வது எப்படி?

அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனத்தின் வெப்சைட்டில் பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். முதல் வருட ஆஃபரை மட்டும் பார்த்து ஏமாறாமல், ரெனியூவல் கட்டணம் எவ்வளவு என்று கேட்கணும். பதிவானதும் வரும் சரிபார்ப்பு இமெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். டாட் சோலார், டாட் காம் முகவரிகளில் 15 நாட்களுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் முகவரி முடக்கப்படலாம்.

மிக முக்கியம், டொமைன் உரிமையாளரின் பெயரிலும் இமெயிலிலும்தான் இருக்கணும். வெப்சைட் செய்து தருபவரின் பெயரில் இருந்தால், நாளை அவரோடு பிரச்னை என்றால் முகவரியும் கையை விட்டுப் போகலாம்.

காலாவதியானால் என்ன ஆகும்?

ரெனியூவல் செய்யாமல் விட்டால் முகவரி சில வாரங்களில் மீண்டும் விற்பனைக்கு வந்துவிடும். வேறு யாராவது அதை வாங்கி, பழைய வாடிக்கையாளர்களிடமே முன்பணம் கேட்டால்? கெட்டுப்போவது முதலில் வைத்திருந்தவரின் பெயர்தான். ஆட்டோ ரெனியூவலும், இரட்டை அடுக்கு பாதுகாப்பும் போட்டு வைப்பது அவசியம்.

நம்பிக்கை எங்கிருந்து வரும்?

2024-ல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு மானியம் ரூ.78,000. இதைப் பெற, திட்டத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர் மூலமே பேனல் பொருத்த வேண்டும். அந்தப் பட்டியல், ஜிஓவி டாட் இன் என முடியும் அரசு வெப்சைட்டில் இருக்கிறது. அங்குள்ள அதே பெயர், அதே போன் நம்பர் நிறுவனத்தின் வெப்சைட்டிலும் இருந்தால், வாடிக்கையாளர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்வார்.

பொதுமக்களுக்கும் இதேதான். முகவரி சோலார் என்று முடிகிறதே என நம்பி பணம் அனுப்ப வேண்டாம். முதலில் அரசுப் பட்டியலைப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.