கவுன்சில் வீட்டு வாடகைதாரரின் உரிமைகளும் பொறுப்புகளும் (இங்கிலாந்து)

இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றம் தனக்குச் சொந்தமாக வைத்திருந்து, தானே வாடகைக்கு விடும் வீடு கவுன்சில் வீடு எனப்படும். அதில் குடியிருப்பவர் மன்றத்தின் வாடகைதாரர். அதே மன்றத்துக்கு வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளரும் அவரே. அவரைக் கட்டுப்படுத்தும் விதிகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன: குடியேறும்போது கையொப்பமிடும் வாடகை ஒப்பந்தம், 1985-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். சட்டம் தந்த உரிமையை ஒப்பந்தத்தில் எதையாவது எழுதிப் பறித்துவிட முடியாது.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டங்கள் வேறு. வட அயர்லாந்தில் இத்தகைய வீடுகளை மன்றங்கள் அல்ல, 1971-இல் அமைக்கப்பட்ட வீட்டுவசதி நிர்வாக அமைப்பு நடத்துகிறது. இங்கிலாந்திலேயே கூட வீட்டுவசதிச் சங்கங்களின் வாடகைதாரருக்குப் பல விதிகள் மாறும். இக்கட்டுரை மன்றங்களின் வீடுகளைப் பற்றியது.

விதிப் புத்தகத்திலிருந்து சட்டத்துக்கு

லிவர்பூல் நகர மன்றம் 1869-இல் கட்டிய செயின்ட் மார்ட்டின்ஸ் காட்டேஜஸ், மன்றம் கட்டிய முதல் குடியிருப்பாகக் கருதப்படுகிறது. லண்டனின் பவுண்டரி எஸ்டேட் என்ற மன்றக் குடியிருப்பு 1900-இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் மன்றங்களை வீடு கட்ட வைத்தது.

அந்த வீடுகளோடு விதிப் புத்தகங்களும் வந்தன. சன்னல்களைத் துடைப்பது, வாசற்படியைக் கழுவுவது, வேலியைக் கத்தரிப்பது, அனுமதியின்றிப் பிராணி வளர்க்காதது என அன்றாட வாழ்க்கையின் மூலைமுடுக்கெல்லாம் அவை நுழைந்தன. பல மன்றங்களில் முன்கதவின் நிறத்தைக்கூட வாடகைதாரர் தீர்மானிக்க முடியவில்லை. ஒழுங்காக நடந்தவருக்கும் வீடு நிலைக்கும் என்ற உறுதி சட்டத்தில் இருக்கவில்லை. மன்றம் உரிய அறிவிப்பு கொடுத்து நீதிமன்றம் போனால், காலி செய்யச் சொல்வதற்குக் காரணம் காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஆக, பொறுப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தன.

இந்த நிலையை மாற்றியது 1980-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். குடியிருக்கும் வீட்டையே சலுகை விலையில் வாங்கும் உரிமைக்காகத்தான் அது பேர்பெற்றது. ஆனால் வீட்டை வாங்காமல் வாடகைக்கே இருந்தவர்களுக்கு அது தந்த குடியிருப்புப் பாதுகாப்பு அதைவிடப் பெரியது. சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றைக் காட்டி நீதிமன்ற உத்தரவு பெற்றாலொழிய இனி வெளியேற்ற முடியாது. இந்தப் பாதுகாப்பு பின்னர் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொகுக்கப்பட்டது.

ஒப்பந்த வகைகள்

பெரும்பாலான மன்றங்களில் புதிதாக வருபவருக்கு முதல் 12 மாதம் அறிமுகக் காலம். தேவைப்பட்டால் மேலும் 6 மாதம் நீட்டலாம். இந்தக் காலத்தில் நடைமுறைகளை மன்றம் சரியாகப் பின்பற்றியிருந்தால், நீதிபதி பொதுவாக வெளியேற்ற உத்தரவை மறுக்க முடியாது. வெளியேற்ற அறிவிப்பு வந்தால் வாடகைதாரர் 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். எனவே முதல் ஆண்டில் வாடகை பாக்கி வைப்பதும் அண்டை வீட்டாரோடு சண்டையிடுவதும் பிந்தைய ஆண்டுகளைவிடப் பன்மடங்கு ஆபத்தானவை.

அறிமுகக் காலம் முடிந்தால் அது பாதுகாக்கப்பட்ட வாடகை உரிமையாக மாறும். ஆயுள் முழுதும் இருக்கக்கூடிய உரிமை இது. 2011-ஆம் ஆண்டின் சட்டம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான ஒப்பந்தத்துக்கும் வழிவிட்டதால், தம் ஒப்பந்தம் எந்த வகை என்பதை முதல் பக்கத்திலேயே பார்த்துவைப்பது நல்லது.

வாடகை

வாடகை வாரக் கணக்கில் வசூலாகிறது; பல மன்றங்களில் திங்கட்கிழமைதோறும் கணக்கில் ஏறும். சில மன்றங்கள் ஆண்டுத் தொகையை 48 அல்லது 50 வாரங்களுக்குப் பிரித்துவிட்டு, மீதி வாரங்களை வாடகையில்லா வாரங்களாக அறிவிக்கின்றன. அந்த வாரங்களில் பழைய பாக்கியைச் செலுத்துவது தொடர வேண்டும். கூட்டாகக் கையொப்பமிட்ட இருவரில் ஒருவர் வீட்டை விட்டுப் போனாலும், முழு வாடகைக்கும் இருவருமே தனித்தனியே பொறுப்பு.

உதவித்தொகை பெறுவதால் வாடகைப் பொறுப்பு மறைந்துவிடாது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைப் பணம் பொதுவாக வாடகைதாரரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதை மன்றத்துக்குக் கட்டவேண்டியவர் அவர்தான். 2013 ஏப்ரல் முதல், உழைக்கும் வயதில் உள்ள குடும்பத்தில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருப்பதாகக் கணக்கிடப்பட்டால் வாடகை உதவிக்குக் கணக்கில் எடுக்கும் தொகையில் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 விழுக்காடும் குறைக்கப்படுகின்றன. மக்கள் இதைப் படுக்கையறை வரி என்றே அழைக்கின்றனர். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின் இந்தக் குறைப்பால் பாக்கியில் விழுந்தவர்கள் அநேகர். சிறிய வீட்டுக்கு மாறலாம் என்றால் சிறிய வீடுகளுக்கே தட்டுப்பாடு.

பாக்கி சேர்ந்தால் மன்றம் உடனே நீதிமன்றம் ஓடக்கூடாது. வாடகைதாரரைத் தொடர்புகொண்டு, அவர் வருமானத்துக்குத் தாங்கும் தவணையைப் பேசி, உதவித்தொகை விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா என்று பார்த்த பிறகே வழக்கு. நீதிபதியும் வெளியேற்றுவது நியாயம்தானா என்று தனியே ஆராய வேண்டும். தவணை ஒழுங்காகக் கட்டும்வரை உத்தரவை நிறுத்திவைப்பது வழக்கம். அச்சத்தில் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவர்களும், விசாரணை நாளன்று வராமல் இருப்பவர்களும்தான் பெரும்பாலும் வீட்டை இழக்கிறார்கள். பாக்கி எவ்வளவு இருந்தாலும் விசாரணைக்குப் போயே ஆகவேண்டும்.

பழுதும் ஈரமும்

சுவர், கூரை, சன்னல், மழைநீர்க் குழாய், வடிகால் ஆகியவற்றையும், தண்ணீர், எரிவாயு, மின்சார, கழிவறை இணைப்புகளையும், பாய்லரையும் சீராக வைத்திருப்பது மன்றத்தின் கடமை. 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மின்விளக்கு மாற்றுவது, தொட்டி அடைப்பை நீக்குவது போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரருடையவை. அவரோ வீட்டாரோ விருந்தினரோ உடைத்ததைச் சரிசெய்தால், செலவு அவர் தலையில் ஏறும்.

வீட்டுக்குள் உள்ள பழுதைப் பொறுத்தவரை, அது மன்றத்துக்குத் தெரிந்த பிறகே சரிசெய்யும் கடமை தொடங்குகிறது. ஆகவே வாடகைதாரரின் பொறுப்புகளில் தலையாயது பழுதைத் தெரிவிப்பது. தொலைபேசியில் சொல்லிவிட்டு மறந்துபோவது போதாது. தேதியோடு எழுதி, படம் எடுத்து, மன்றம் தரும் பதிவு எண்ணைக் குறித்துவைத்தால்தான் பிறகு வழக்கிலும் முறையீட்டிலும் அது நிற்கும். கோபத்தில் வாடகையை நிறுத்துவது பெருந்தவறு. பழுது இருப்பதால் வாடகைக் கடன் தானாக நின்றுவிடாது. மன்றம் அதைப் பாக்கியாகவே காட்டி வழக்குப் போடும்.

எரிவாயுக் கருவிகள் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். சோதனைக்கு வருபவரை உள்ளே விடுவது வாடகைதாரரின் கடமை. இரண்டு மூன்று முறை கதவு திறக்கப்படாவிட்டால் மன்றம் நீதிமன்ற ஆணை பெற்று வரலாம். அந்தச் செலவையும் வாடகைதாரர் கட்ட நேரலாம். வீட்டின் நிலையைப் பார்வையிட வருவதற்கு 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பின்றிச் சாவி போட்டுத் திறக்கும் உரிமை அதிகாரிக்குக் கிடையாது. உயிருக்கு ஆபத்து போன்ற அவசரம் வேறு.

ஈரமும் கரும்பூஞ்சணமும் தனியே சொல்லப்பட வேண்டியவை. சமையல், குளியல், துணி உலர்த்தல் ஆகியவற்றால் எழும் நீராவி, குளிர்ந்த சுவரில் படிந்து நீராகிறது. வெப்பக்காப்பு இல்லாத வெளிச்சுவரின் மூலையில், அலமாரிக்குப் பின்னால், சன்னல் ஓரத்தில் முதலில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். சன்னலைத் திறங்கள், காற்று வெளியேற்றும் விசிறியைப் போடுங்கள், சூடேற்றிமேல் துணி உலர்த்தாதீர்கள் என்று மன்றங்கள் துண்டறிக்கை கொடுத்தன. ஆலோசனை சரியானதுதான். ஆனால் விசிறியே பழுதாகிக் கிடக்கும் வீட்டில், சூடேற்றக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்திடம், அதுவே பழிசுமத்தும் கருவியாகிவிட்டது. குடியிருப்பவரின் வாழ்க்கைமுறையைக் குறைசொல்லும் இந்தப் போக்கை, வாடகைதாரர் முறையீடுகளை விசாரிக்கும் வீட்டுவசதிக் குறைதீர் அமைப்பு 2021-இல் ஈரம், பூஞ்சணம் பற்றிய தன் அறிக்கையில் வெளிப்படையாகக் கண்டித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 டிசம்பரில், ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுச் சிறுவன் இறந்தான். வீடு ஒரு வீட்டுவசதிச் சங்கத்தினுடையது. பூஞ்சணம் பற்றிப் பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். நீண்டநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் ஏற்பட்ட மூச்சுமண்டலப் பாதிப்பே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும், மன்றங்களுக்கும் பொருந்தும் அவாப் விதிகள் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்டு, 2025 அக்டோபர் 27-இல் முதற்கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து அகற்ற வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாளுக்குள் ஆய்வும், ஆய்வு முடிந்து 5 வேலைநாளுக்குள் பாதுகாப்பு வேலையும் நடக்க வேண்டும். முடியாவிட்டால் குடும்பத்துக்கு மாற்றிடம் தருவது வீட்டு உரிமையாளரின் செலவு. முறையீட்டைக் கேட்டும் கேளாமல் இருப்பதற்கு இப்போதுதான் கெடு வைக்கப்பட்டிருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது காலங்கடந்து வந்த நீதி.

அண்டை அயலார், பொதுவிடம்

தொல்லை கொடுக்கும் நடத்தைக்காக வீட்டை இழக்க நேரிடலாம். தாம் எதுவும் செய்யாவிட்டாலும், வீட்டில் வசிப்பவரும் வந்துபோகும் விருந்தினரும் செய்வதற்கு வாடகைதாரர் பதில் சொல்ல வேண்டும். மகன் மாடிப்படியில் கஞ்சா விற்றால் வெளியேற்ற அறிவிப்பு தாயின் பெயருக்கு வரும். இது கடுமையான விதி. பிள்ளையை அடக்க முடியாத பெற்றோரையும் இது விட்டுவைப்பதில்லை. வழக்கமான காரணங்களில் நீதிபதி நியாயத்தைச் சீர்தூக்கலாம். 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்த கட்டாயக் காரணத்தில், கடுங்குற்றத் தீர்ப்பு போன்றவை நிரூபணமானால் அப்படிச் சீர்தூக்குவதற்கான இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

அடுக்குமாடிகளில் நடைபாதையில் சைக்கிள், தள்ளுவண்டி, பழைய மெத்தை வைப்பதற்கு மன்றங்கள் இன்று இடம் தருவதில்லை. 2009-இல் தெற்கு லண்டனின் லக்கனால் ஹவுஸ் தீயில் 6 பேரும், 2017 ஜூன் 14-இல் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேரும் மாண்டனர். கிரென்ஃபெல்லில் தீயைப் பரப்பியது வெளிச்சுவரில் பொருத்திய எரியும் பலகைகள். அதில் குடியிருந்தோரின் பிழை ஏதுமில்லை. ஆபத்தை முன்னரே எடுத்துச் சொன்னவர்கள் அவர்கள்தான். வீட்டின் முன்கதவு தீத்தடுப்புக் கதவாகவே இருக்கும். அழகுக்காக அதை மாற்றுவதும், தானே மூடவைக்கும் கருவியைக் கழற்றுவதும் கூடாது.

யார் குடியிருக்கலாம்

பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர் வீட்டில் தம்மோடு ஒருவரைக் கட்டணம் பெற்றுத் தங்கவைக்க அனுமதி தேவையில்லை. வீட்டின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட எழுத்துமூல அனுமதி வேண்டும். முழு வீட்டையும் உள்வாடகைக்கு விட்டுத் தாம் வேறிடம் போனால் குடியிருப்புப் பாதுகாப்பே போய்விடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமுமாகும். கடும் நிலையில் 2 ஆண்டு சிறையும், கிடைத்த லாபத்தைத் திருப்பிக் கட்டும் உத்தரவும் வரலாம். ஊருக்குப் போய்ப் பல மாதம் தங்குபவர் முன்கூட்டியே மன்றத்திடம் சொல்லி, திரும்பி வரும் எண்ணத்தைப் பதிவு செய்துகொள்வது பாதுகாப்பு.

வாடகைதாரர் இறந்தால் உரிமை ஒருமுறை மட்டும் கைமாறலாம். கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் இறந்து மற்றவர் தொடர்ந்தாலே அந்த ஒருமுறை முடிந்துவிடும். 2012 ஏப்ரல் 1-க்கு முன் தொடங்கிய ஒப்பந்தங்களில், 12 மாதம் உடன் வாழ்ந்த மகனோ மகளோ உரிமை பெற முடியும். அதற்குப் பின் தொடங்கியவற்றில் கணவன், மனைவி அல்லது வாழ்க்கைத் துணைக்கு மட்டுமே சட்டப்படி உரிமை. மற்றவருக்கு ஒப்பந்தம் இடம் தந்தால்தான் உண்டு. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விதி முக்கியமானது. முதிய பெற்றோரைப் பார்த்துக்கொண்டு கூடவே இருந்த பிள்ளை, இறுதிச் சடங்கு முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பைப் பெற நேரும். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஒப்பந்தத் தேதியைப் பார்த்து ஆலோசனை பெறுவது நல்லது.

மாறுதலும் முடிவும்

இரு வாடகைதாரர் மன்ற ஒப்புதலோடு வீடுகளை மாற்றிக்கொள்ளலாம். 42 நாளுக்குள் மன்றம் பதில் தர வேண்டும். ஒப்புதலுக்கு முன் குடிபெயர்ந்தால் இருவரும் வீட்டை இழக்கக்கூடும். வாடகை உரிமையை முடிக்க 4 வார எழுத்துமூல அறிவிப்பு வேண்டும். கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் கொடுக்கும் அறிவிப்பே இருவரின் உரிமையையும் முடித்துவிடும் என்பது 1991-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த விதி. பிரிந்து போகும் தம்பதியர் இதை அறியாமல் பிள்ளைகளோடு வீடிழந்ததுண்டு.

முறையீடு

மன்றம் கடமை தவறினால் முதலில் அதனிடமே முறையீடு செய்ய வேண்டும். முறையீட்டை ஏற்றுக்கொண்ட பின், முதல் கட்டத்தில் 10 வேலைநாளுக்குள்ளும் இரண்டாம் கட்டத்தில் 20 வேலைநாளுக்குள்ளும் பதில் வர வேண்டும். அதிலும் தீராவிட்டால் வீட்டுவசதிக் குறைதீர் அமைப்பை நாடலாம். இதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 2024 ஏப்ரல் முதல் இந்த முறையீட்டு நடைமுறை மன்றங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறது.