தராசும் தண்ணீர்க் கழிவும்

ஹல்துமுல்லைச் சரிவுகளிலே கொழுந்து நிறுக்கும் வேளையில் எழும் வாக்குவாதம் புதியதன்று. தராசில் ஏறிய எடை ஒன்று. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இறங்கும் எடை வேறொன்று. இடையிலே போனது எதற்கென்று கேட்டால், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு என்பது விடை. சாக்கின் எடையை வெறுஞ்சாக்கை நிறுத்து அறிந்துவிடலாம். ஈரத்தின் கதைதான் நீண்டது. அதன் அடியில் இரசாயனவியலின் மூலவிதி ஒன்று கிடக்கிறது.

திணிவுக் காப்பு விதி என்று பாடப்புத்தகம் அதற்குப் பெயரிடுகிறது. இரசாயன மாற்றத்திற் புகுந்த பொருள்களின் மொத்தத் திணிவும் வெளிவந்த பொருள்களின் மொத்தத் திணிவும் சமம். மாணவர் இதனை ஒப்புவித்துவிடுவர். ஆயினும் விறகு எரிந்து ஒரு பிடி சாம்பலாவதை நாள்தோறும் காணும் கண் இதனை எளிதில் நம்புமா? விறகிலுள்ள காபன் 12 கிலோ முற்றாக எரிந்தால், காற்றிலிருந்து 32 கிலோ ஒட்சிசனைக் கவர்ந்து, 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. பிடித்து நிறுக்கப் பாத்திரம் இல்லை, அவ்வளவே.

பாத்திரத்தை மூடினால் உண்மை அகப்படும். வடருஷ்ய மீனவரொருவரின் மகனான லொமனோசோவ் 1748 இல் கணிதமேதை ஒயிலருக்கு எழுதிய கடிதத்தில் இக்கருத்தை வெளியிட்டார். 1756 இல் மூடிய கண்ணாடிக் கலத்தில் உலோகத்தைச் சுட்டு, வெளிக்காற்றுப் புகாதவிடத்து எடை மாறவில்லை எனக் கண்டார். அவருடைய ஆய்வு மேற்கு நாடுகளை அதிகம் எட்டவில்லை. 1774 இல் பாரிசில் லவோசியர் வெள்ளீயத்தை மூடிய கலத்திற் சூடாக்கினார். கலத்தின் மொத்த எடை மாறவில்லை. வாயைத் திறந்ததும் காற்றுச் சீறி உட்புகுந்தது. அப்போதுதான் எடை கூடிற்று. 1789 இல் வெளியான தமது நூலில், திராட்சைச்சாறு மதுவாவதை விளக்குமிடத்தில், அவர் இவ்விதியைப் பொதுவிதியாக வகுத்துரைத்தார்.

அந்த உயர்ந்த தராசுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மன்னனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, உப்புக்கும் புகையிலைக்கும் மக்களிடம் வரி தண்டிய குத்தகைக் கூட்டத்தில் லவோசியர் ஒரு பங்காளி. வரவும் செலவும் ஒத்திருக்கவேண்டுமென்ற கணக்குப் புத்தி அங்கே கூர்மையடைந்தது என்றே நான் எண்ணுகிறேன். புரட்சிக் காலத்தில் அக்கூட்டத்தார்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று நமக்கு மிக அண்மையில் உள்ளது: புகையிலையில் அளவுமீறித் தண்ணீர் தெளித்து, தண்ணீரின் எடையைப் புகையிலையின் விலைக்கு விற்றார்கள் என்பது. 1794 மே 8 ஆம் நாள் லவோசியரும் அவருடைய மாமனாரும் உட்பட 28 பேர் கில்லட்டினுக்கு இரையாயினர். அந்தக் கள்ளத்தைத் தடுக்க அவர் முயன்றார் என்போரும் உளர். அறிவுலகுக்கு அது பேரிழப்பே; அதற்காக அந்தத் தண்ணீரை நாம் மறந்துவிட வேண்டியதில்லை.

பாரிசில் இலையின் எடையைக் கூட்டிய தண்ணீர், ஊவாவில் இலையின் எடையைக் குறைக்கக் காரணமாகிறது. பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர் உண்டு. வாட்டும்போதும் உலர்த்தும்போதும் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிட, 100 கிலோ கொழுந்து ஏறத்தாழ 22 கிலோத் தேயிலையாகிறது. 'புளிக்கவைத்தல்' என்று சொல்லும் கட்டத்திலே உண்மையில் எதுவும் புளிப்பதில்லை. அரைபட்ட இலை காற்றின் ஒட்சிசனைச் சிறிது வாங்கி நிறம் மாறுகிறது. இலைக்குள் இருக்கும் இந்தத் தண்ணீர் வேறு, இலைமேல் படிந்த மழைநீர் வேறு. மழைநீர் எடையைக் கூட்டுமேயன்றித் தேயிலையைக் கூட்டாது. ஆகவே மழை நாளில் அளந்து கழிப்பது அறிவுக்கு ஒத்ததே.

ஊவாவில் வறண்ட காற்று வீசும் ஆடி, ஆவணியில் அதே கழிவு எதற்கு? 100 பெண்களிடம் நாளொன்றுக்கு 3 கிலோ வீதம் உலர்ந்த கொழுந்து கழிக்கப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அந்த 300 கிலோவும் காற்றிற் கரைந்துவிடுவதில்லை. மற்றக் கொழுந்தோடு சேர்ந்து வாடி, அரைபட்டு, 66 கிலோத் தேயிலையாகப் பெட்டியில் ஏறுகிறது. பறித்தவளுக்கோ அந்த மூன்று கிலோக் குறைவினால் முழுப்பேர் அரைப்பேராகலாம்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இதை விளக்கக் கண்ணாடிக் கலம் தேடவேண்டாம். மழை நாளிற் பறித்த கொழுந்து ஒரு கிலோவை நிறுத்து, துணியால் ஒற்றியெடுத்து, மறுபடியும் நிறுக்கச் சொல்லுங்கள். துணியையும் முன்னும் பின்னும் நிறுக்கட்டும். கொழுந்து இழந்ததும் துணி பெற்றதும் ஒத்துவரும். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். வெயில் நாளிலும் அதையே செய்து பக்கத்தில் எழுதுங்கள். தத்தம் தாய்மார் அன்று கழிவாகக் கொடுத்த எடையை மாணவர்கள் வீட்டில் கேட்டுவந்து மூன்றாவதாக எழுதட்டும்.